இருபத்தாறாம் தேதி வரக்கூடாத வீடு

துடியலூர் ராமுலு நாயுடு வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பேப்பர் காணாமல் போனது.

உண்மையில் அது எங்கும் போகவில்லை. சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் மடித்துச் செருகப்பட்டிருந்தது. செருகியவள் தேஜஸ்ரீ. முதல் பக்கச் செய்தி அப்பாவின் கண்ணில் படக்கூடாது என்று அவளாகவே எடுத்த முடிவு. இந்தப் பெண்ணின் முடிவுகளைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனாலும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"பேப்பர்காரர் இன்னைக்கு வரலீங்க நைனா" என்றாள்.

ராமுலு தலையை ஆட்டினார். அவரால் அவ்வளவுதான் முடியும். டிசம்பரில் தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மில்லில் ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீசராக இருந்தவர். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் நின்று அவர் ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்குமாம். இப்போது கையில் ஒரு சிலேட்டு இருக்கிறது, கழுத்தில் ஒரு கைக்குட்டை கட்டியிருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அந்தக் குரலைத் தேஜஸ்ரீ வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாள். மனைவிக்குக் கொஞ்சம், மகளுக்குக் கொஞ்சம், உறவுக்காரர்களுக்குக் கொஞ்சம் என்று பேசினார். கடைசியில் மகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு கிஷனுக்காகப் பேசினார். என்ன பேசினார் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கிஷன் மூத்த மகன். போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிருபாவைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனவன். அன்றைக்கு வாசலில் நின்று அப்பா சொன்னது, "இனி இந்தப் படிய மிதிச்சுப்போடாத" என்பதுதான். அந்தக் குரலிலிருந்து கிஷன் காதில் விழுந்த கடைசி வார்த்தை அதுதான். நாளை, திங்கட்கிழமை, அவன் கிருபாவோடு வருகிறான். சாயங்காலமே சென்னைக்குப் போய் அங்கிருந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறான். நடுவில் இருக்கிற அந்தப் பகல் பொழுதில் அப்பாவின் பேச்சைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

நாளைக்கு ஏப்ரல் இருபத்தாறு. பேப்பரின் முதல் பக்கத்தில் இருந்தது அந்தத் தேதிதான். அன்றைக்கு விழித்துக்கொள்ளும் ஒரு வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களில் ஒளிந்திருக்கிறதாம். விழித்தால் உள்ளே இருப்பது எல்லாவற்றையும் துடைத்துவிடுமாம். தேஜஸ்ரீ டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் சென்டரில் நேற்று எல்லா மிஷினிலும் அது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சென்டரிலிருந்து பிளாப்பியில் பாடங்களைக் கொண்டுவந்து வீட்டு மிஷினில் போட்டவள் அவள்தான்.

கூட இருந்தே கொன்றுபோட்டோமே என்று நேற்றிலிருந்து அவள் தூங்கவில்லை.

காப்பி முடிந்ததும் ராமுலு வழக்கம்போல் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். அந்த மிஷினுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. அணைத்துவிட்டுப் போட்டால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி ஒன்று என்று காட்டும். மற்ற வீடுகளில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ராமுலுவுக்குத் தப்புத் தேதி என்றால் உடம்பெல்லாம் அரிக்கும். தினமும் காலையில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து, மவுஸை அமுக்கி அமுக்கிச் சரியான தேதிக்குக் கொண்டுவருவார். பிறகு ஓய்வாக நாற்காலியில் சாய்வார். ரிட்டையர் ஆன பிறகு அவருக்கு மிச்சம் இருந்த உத்தியோகம் அதுதான்.

காலண்டர் கிழிப்பதும் அவர் வேலைதான். ஆனால் மற்றவர்களைப்போல் காலையில் கிழிக்க மாட்டார். அவர் மில்லில் நைட் ஷிப்ட் ஆட்களின் வருகைக் கணக்கை, ஹாஜரியை, மறுநாள் தேதியில்தான் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில், விளக்கு வைத்ததும் தாளைக் கிழித்துவிடுவார். அவர் கணக்கில் அடுத்த நாள் அப்போதே பிறந்துவிடும். வரலட்சுமியம்மாள் முதலில் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு அதுவும் வீட்டு வழக்கமாகிவிட்டது.

இருபத்தைந்து என்று தேதியைச் சரிசெய்துவிட்டு அவர் எழுந்து போனதும், தேஜஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

கையில் ஒரு சிடி இருந்தது. கம்ப்யூட்டர் விற்ற நஞ்சப்பன் நேற்றுக் கொடுத்தது. "எல்லா அப்டேட்டும் இதுல இருக்குதுங்க அம்மணி" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதுதான் தொல்லை. எல்லாம் இருந்தது. திரை முழுக்கப் பெயர்கள். ஒவ்வொன்றும் எட்டு எழுத்தில் சுருக்கிய பெயர். எது எதற்கு என்று பெயரைப் பார்த்தால் தெரியாது.

முதலில் திறந்தது இரண்டாயிரமாம் ஆண்டுக் கோளாறுக்கானது. அது அடுத்த வருஷத்துப் பிரச்சினை. அடுத்தது மோடத்துக்கு. இந்த வீட்டில் மோடமே இல்லை. இன்னொன்று விண்டோஸின் பழைய பதிப்புக்கு. இன்னொன்று போட்ட பிறகு ஏதோ ஐரோப்பிய மொழியில் மன்னிப்புக் கேட்டது.

வைரஸ் பிடிக்கும் சாப்ட்வேருக்கான அப்டேட்டுகள் மட்டும் தனி அடைசலாக இருந்தன. நான்காம் பதிப்புக்கு, ஐந்தாம் பதிப்புக்கு, வேறு ஏதோ கம்பெனியினுடையதற்கு. வீட்டில் இருப்பது எந்தப் பதிப்பு? அட்டைப்பெட்டியைப் பார்க்கலாம் என்றால் பெட்டியே கிடையாது. நஞ்சப்பன் போனால் போகிறதென்று சும்மா போட்டுக் கொடுத்தது அது.

அவள் ஹாலுக்கு வந்து நஞ்சப்பனுக்குப் போன் செய்தாள். பின்னால் பத்துப் பேர் பேசும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, இதுல எதுங்க எங்க மிஷினுக்கு?"

"எல்லாத்தையும் போட்டுருங்க அம்மணி. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு புடிச்சுக்கும்."

"மாத்திப் போட்டா கெட்டுப்போயிருமுங்களா?"

"கெடாதுங்க. நீங்க பழைய ஸ்கேனர் மட்டும் ஓட்டிராதீங்க. அது ஒவ்வொரு பைலாத் தொறந்து பாக்கும். தொறக்கறதுக்கெல்லாம் வைரஸ் ஒட்டிக்கும்."

நேற்று இரண்டு முறை ஓட்டியிருந்தாள். இரண்டு முறையும் ஒன்றுமே இல்லை என்று அது பச்சையில் எழுதிக் காட்டியிருந்தது.

"மிஷினக் கடைக்குத் தூக்கிட்டு வரட்டுங்களா?"

"கால் வெக்க எடமில்லீங்க இங்க. அவினாசி, அன்னூருன்னு ஊர்ப்பட்ட மிஷின் வந்து குமிஞ்சு கெடக்குது. பேசாம நாளைக்கு ஒரு நா ஆன் பண்ணாம உட்டுருங்க, நாளன்னைக்குக் கொண்டாங்க."

"நாளைக்குத்தானுங்க அண்ணன் வாராரு" என்றாள். நஞ்சப்பனுக்கு அதில் என்ன புரியும்? சரிங்க, வெச்சர்றேன் என்று வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் போட்டாள். ஒவ்வொன்றும் போட்டு முடித்ததும் மிஷினை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது. ஒவ்வொரு முறையும் தேதி எண்பதுக்கு ஓடியது. தேதி தவறு என்று அடுத்த அப்டேட் முரண்டு பிடித்தது. அவள் மறுபடி இருபத்தைந்துக்கு மாற்றினாள். உங்களில் சிலருக்கு இந்நேரம் ஒரு யோசனை தோன்றியிருக்கும். அவளுக்குத் தோன்றவில்லை. தேதியை மாற்றுவது அவளுக்கு அப்போது வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மதியம் வரலட்சுமியம்மாள் சோற்றுத் தட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னத்தையோ மறைக்கற அம்மணி. மூஞ்சியே சொல்லுது."

தேஜஸ்ரீ சொல்லிவிட்டாள். முழுக்கச் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு நோய் வந்திருக்கிறது, நாளைக்குள் மருந்து போடாவிட்டால் நைனாவின் பேச்சு அழிந்துவிடும் என்றாள். எந்தத் தேதி, எதனால் என்பதெல்லாம் அம்மாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

வரலட்சுமியம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பிளாப்பில எடுத்து வெக்க முடியாதா?"

"அது பெரிசும்மா. ஒரு பிளாப்பில கொஞ்சந்தான் புடிக்கும்."

"சரி, டேப்ரிக்கார்டரப் பக்கத்துல வெச்சு, இதுல பேச உட்டு, அதுல புடிச்சுப்போடேன்."

"சத்தமா ஓடணுமேம்மா. நைனா ஊட்டுல இருக்கறப்போ எப்புடிப் போடறது?"

ஜனவரியில் ஒரு முறை தேஜஸ்ரீ அந்தப் பதிவை ஓடவிட்டாள். தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதைக் கேட்ட ராமுலு சாப்பாட்டில் கை வைத்தபடியே எழுந்துவிட்டார். கையைக்கூடக் கழுவாமல் மேட்டுப்பாளையம் ரோட்டில் நடந்து போனவர் திரும்பி வந்ததும் சிலேட்டில் எழுதினார். 'அவன் வந்தப்புறம் போடலாம். அது வரைக்கும் வேண்டாம்.' கிஷனுக்குச் சொன்னதை எழுதியாவது கொடுங்கள் என்று தேஜஸ்ரீ கேட்டதற்கும் ஒரு வரி எழுதினார். 'எழுதறதா இருந்தா எழுதியே இருப்பேன்.'

"நைனாகிட்டச் சொல்லிராதீங்கம்மா. இதையும் அவரு தாங்க மாட்டாரு."

வரலட்சுமியம்மாள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வெயில் தாழும் நேரத்தில் தேஜஸ்ரீக்கு விடை கிடைத்தது. வைரஸ் பிடிக்கும் சாப்ட்வேரின் உள்ளே ஒரு மூலையில் அதன் பதிப்பு எண் எழுதியிருந்தது. அந்த எண்ணுக்கான அப்டேட் சிடியில் கடைசி வரிசையில் இருந்தது. நிஜமாகவே இருந்தது. பெயரைப் பார்த்ததும் அவள் வாய்விட்டு, "தாயே" என்றாள்.

மவுஸை அமுக்கினாள். நீலக் கோடு மெல்ல வளர்ந்தது. முக்கால்வாசி தாண்டியதும் சிடி டிரைவ் கரகரவென்று இரைந்தது. கோடு நின்றது. இந்த பைலைப் படிக்க முடியவில்லை என்றது திரை.

சிடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் நீளமாக ஒரு கீறல். புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். பனியன் துணியால் துடைத்துப் போட்டாள். சோப்புத் தண்ணீரில் கழுவிக்கூடப் போட்டாள். அதே இடத்தில் அதே கரகரப்பு.

மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். சத்தம் வெளியே போகாமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இனி ஒரே வழிதான். கிஷனிடம் சொல்லியாக வேண்டும். அவன் சாப்ட்வேர்க்காரன். இவ்வளவு நேரம் அவனைக் கூப்பிடாததற்குக் காரணம் பயம். கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அவன் வராமலே போய்விட்டால்? வீட்டுப் போனில் எஸ்.டி.டி. கிடையாது. மிஷினை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டு பூத்துக்கு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டணம் குறைவு என்பதால் பூத் வாசலில் வரிசை நின்றது. முன்னால் நின்ற பெண்மணி தன் மருமகளின் வளைகாப்புக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பதை முழுதாக முடிவு செய்துவிட்டுத்தான் நகர்ந்தார். பெங்களூரில் கிஷனின் வீட்டுக்காரர் எடுத்து, மாடியிலிருந்து கிஷனை வரவழைப்பதற்குள் மீட்டர் தன்பாட்டுக்கு ஓடியது.

"என்ன தேஜு? நைனா நல்லாருக்காருல்ல? நாங்க ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டிருக்கோம்."

அவள் சொன்னாள். அழுகையும் அப்டேட்டும் கீறலும் கலந்து குழப்பமாகத்தான் சொன்னாள்.

"அப்ப அது போயிருமா?"

கிஷன் இதைக் கேட்டது சாப்ட்வேர்க்காரன் குரலில் இல்லை.

"நீதாண்ணா சொல்லணும்."

"இரு, அழாத. அந்த மிஷின்ல இன்னும் நீ சொன்ன அந்தப் பழைய பேட்டரிதான? ஆன் பண்ணா எண்பதுன்னுதான காட்டுது?"

"ஆமா. நைனாதான் தெனமும் மாத்துவாரு."

கிஷன் சிரித்துவிட்டான். கண் கலங்கிச் சிரிக்கும் சிரிப்பு.

"அட, அந்த மிஷினுக்கு எந்த அப்டேட்டும் வேண்டாம் தேஜு. அந்த வைரஸ் செவுத்துக் காலண்டரப் பாக்கறதில்ல. மிஷினுக்குள்ள இருக்கற தேதியத்தான் பாக்கும். எண்பதாம் வருஷத்துலயே அது தூங்கட்டும். நா வந்து கேட்டுட்டு, சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன். யாரும் தேதிய மட்டும் தொடாமப் பாத்துக்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நைனாகிட்டச் சொல்லிரு, நாளைக்கு ஒரு நா தேதி வெக்க வேண்டாம்னு. கோவிச்சுக்குவாரு. நாஞ் சொன்னேன்னு சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "வாரோம்னு சொல்லு" என்றான்.

அவள் பூத்தை விட்டு வெளியே வந்தபோது கரண்ட் போயிருந்தது. கடைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அதுகூட நல்லதாகத்தான் பட்டது. கரண்ட் போனால் தேதி எண்பதுக்குத் திரும்பிவிடும். நாள் முழுக்கத் தேடிய மருந்து ஒரு செத்த பேட்டரியாக வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறதே என்று தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்தாள். அண்ணனுக்குப் பிடிக்குமே என்று தேங்காய் பன் வாங்கினாள். தெருமுனை திரும்பும்போது விளக்குகள் எரிந்தன. இந்த நடையை இன்னும் கொஞ்ச தூரம் நீட்டிவிட என்னால் முடிந்தால் நீட்டியிருப்பேன்.

வாசலில் வரலட்சுமியம்மாள் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம் வேர்வையில் இறங்கியிருந்தது.

"அவருகிட்டச் சொல்லிப்போட்டேன் கண்ணு. நீ உள்ள அழுதது எனக்குக் கேட்டுது. மனசு கேக்கல."

"என்னன்னு சொன்னீங்க?"

"நாளைக்கு உங்க பேச்சு அழிஞ்சுபோயிருமாம், புள்ள ஒத்தையா அல்லாடறான்னு சொன்னேன். அவரே போயி டேப்ரிக்கார்டர எடுத்தாந்தாரு. பேட்டரிக் கட்டையெல்லாம் மாத்திப் போட்டாரு. கம்ப்யூட்டருகிட்ட வெச்சு, என்னைய வெளிய போகச் சொல்லிக் கதவச் சாத்திக்கிட்டாரு."

ஜனவரியில் தன் குரலைத் தாங்காமல் எழுந்து ஓடிய மனுஷர், அந்தக் குரலோடு தனியாக அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். தேஜஸ்ரீக்கு நெஞ்சு நிறைந்தது.

"ஓடுச்சுங்களா?"

"ஓடுச்சு. இங்க வரைக்கும் கேட்டுது. எம் பேரச் சொன்னாரு, உம் பேரச் சொன்னாரு. அப்பறம் கதவுக்குள்ள என்னன்னு வெளங்கல. பாதில கரண்ட் போயிருச்சு. வெளிய வந்தாரு. நா வெளக்கு ஏத்துனேன். அவரு எப்பவும்போலக் காலண்டரக் கிழிச்சாரு. கரண்ட் வந்ததும் மறுபடியும் உள்ள ஓடுனாரு, மிச்சத்தப் புடிக்கறதுக்கு. இப்பத்தான், செத்த முன்னாடி."

தேஜஸ்ரீ ஹாலில் நின்றாள். எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கியது. இருபத்தாறு என்று பெரிதாக இருந்தது.

தினம் சாயங்காலம் அவள் பார்க்கிற காலண்டர்தான். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இப்படித்தான் நாள் மாறுகிறது. அவளுக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. காலையில் அந்தப் பேப்பரை மறைக்காமல் இருந்திருந்தால், ஒரே ஒரு தரம் அவர் அதைப் படித்திருந்தால், இந்தத் தேதியை அவர் கையால் மிஷினில் வைத்திருப்பாரா? தேதியையே உத்தியோகமாகப் பார்த்தவரிடமிருந்து ஒரு தேதியை ஒளித்து வைத்தாளே. பன் பொட்டலம் கையிலிருந்து விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அறைக் கதவைத் தள்ளினாள்.

திரை கறுப்பாக இருந்தது. மிஷின் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, அவ்வளவுதான். அணைத்துப் போட்டாள். எண்பதும் வரவில்லை, எதுவும் வரவில்லை. இன்னொரு முறை போட்டாள். கறுப்பு அப்படியே நின்றது.

ராமுலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் டேப்ரிக்கார்டர். அதன் சின்னக் கண்ணாடிக்குள் கேசட் பாதி சுற்றி நின்றிருந்தது.

"கிஷன் அண்ணனுக்குப் பேசுனது இதுல வந்துருச்சுங்களா நைனா?"

அவர் கேசட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஒரு கையால் டேப்ரிக்கார்டரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சிலேட்டை எடுத்தார். மில்லில் முப்பது வருஷம் ஒருவருக்கும் ஒரு நாள் ஹாஜரி தப்பாகப் போடாதவர், முதலாளி முன்னால் நிற்கும் ஆளைப்போல் எழுதிக் காட்டினார்.

'தேதி சரியாத்தானே வெச்சேன்?'

பெங்களூர் ஸ்டேஷனில் கிஷனும் கிருபாவும் இந்நேரம் ரயில் ஏறியிருப்பார்கள்.

தேஜஸ்ரீ அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அந்தச் சிலேட்டை வாங்கித் தன் முந்தானையால் துடைத்தாள்.

"சரியாத்தானுங்க நைனா வெச்சீங்க" என்றாள்.